சேர்க்கை எண் 1843: நம் விழாக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள விழாக் குழு நண்பர்களுக்கு,

வணக்கம். பழைய மாணவர் சங்கத்தைப் பதிவு செய்வதற்காக நீங்கள் எழுதிச் சுற்றுக்கு விட்ட விதிகளின் நகல் என் கைக்கும் வந்து சேர்ந்தது. பதினோரு பக்கம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்ட கையோடு உட்கார்ந்து முழுவதையும் படித்தேன். வங்கிக் கணக்கில் இரண்டு பேர் கையெழுத்து, வருஷத்துக்கு ஒரு தணிக்கை, மூன்று வருஷத்துக்கு ஒரு முறை நிர்வாகிகள் மாற்றம், எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கிறது. மூன்றாம் பக்கத்தில் ஒரே ஒரு வரிதான் மீன் முள் மாதிரி சிக்கிக்கொண்டது. "இப்பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த எவரும் சங்கத்தின் உறுப்பினராகலாம்."

இந்த மடல் அந்த வரியைப் பற்றியது. குழுவுக்குள்ளேயே பேசியிருக்கலாமே, எதற்கு ஊரறிய எழுதுகிறாய் என்பீர்கள். இரண்டு முறை பேசினேன். "பார்க்கலாம்" என்றீர்கள். நம் பக்கத்தில் "பார்க்கலாம்" என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இன்னொன்று, இது நம் பள்ளியோடு முடிகிற விஷயமும் இல்லை. மே மாதம் பிறந்தால் ஊர் ஊருக்கு வெள்ளி விழா, முப்பதாம் ஆண்டு, "மலரும் நினைவுகள்" என்று பிளெக்ஸ் கட்டுகிறார்கள். எங்கே பார்த்தாலும் அழைப்பிதழில் இதே வரி வேறு வேறு வார்த்தையில் இருக்கிறது. அங்கே வேலை பார்ப்பவர்களும் படிக்கட்டும் என்றுதான் வெளியில் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கொரோனா ஓய்ந்து 2022 மே மாதம் நாம் நடத்திய இருபத்தைந்தாம் ஆண்டுச் சந்திப்பை நான் குறைத்துப் பேச வரவில்லை. ஆறு பேராக ஆரம்பித்து நூற்றுப் பதினாலு பேரைத் தேடிப் பிடித்தீர்கள். பழைய கல்யாணப் பத்திரிகைகளைப் புரட்டினீர்கள், ரேஷன் கடையில் விசாரித்தீர்கள், கோயம்புத்தூர் மில் குடியிருப்பு வரை ஆள் போய் வந்தது. பெண்களைக் கண்டுபிடித்தது அதைவிடப் பெரும்பாடு. இனிஷியல் மாறியிருந்தது, ஊர் மாறியிருந்தது, போன் வீட்டுக்காரர் கையில் இருந்தது. என் வீட்டுக்கு வந்த முதல் அழைப்பையே "யாரு பேசறது, எதுக்கு?" என்றுதான் எடுத்தார்கள். அப்படியும் பத்தொன்பது பெண்கள் வந்தோம். அது சின்ன காரியம் இல்லை.

ஆனால் அன்றைக்கு நடந்த இரண்டு விஷயங்கள் உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா என்று தெரியவில்லை. எனக்கு இருக்கிறது.

தமிழய்யாவை மேடையில் உட்காரவைத்து, பழையபடி அட்டெண்டன்ஸ் எடுக்கச் சொன்னீர்கள். எண்பதைத் தாண்டிய மனுஷன். கையில் நீங்கள் அச்சடித்துக் கொடுத்த பட்டியல். நாற்பத்திரண்டு வயது ஆண்பிள்ளைகள் எழுந்து நின்று "உள்ளேன் ஐயா" என்று சொல்லச் சொல்லக் கூடமே சிரித்தது. பதினேழோ பதினெட்டோ, அந்த இடத்தில் ஐயா நிறுத்திவிட்டார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, தாளைக் கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார். "நடுவுல ஒருத்தன் விட்டுப் போச்சேய்யா" என்றார். பட்டியலில் இல்லாத ஒரு பெயரைச் சொன்னார். வருஷக்கணக்காகத் தினமும் வாசித்து வாய்க்குப் பழகிப்போன வரிசை அது. ஒரு பெயர் இல்லையென்றால் நாக்கு தடுக்கத்தானே செய்யும்.

"அவன் டென்த்தோட நின்னுட்டான் ஐயா" என்று மைக்கில் ஒருத்தர் சொன்னார்.

"அதனால என்ன? எட்டாப்புல இருந்தான்ல?" என்றார் ஐயா.

மைக் அடுத்த பெயருக்குப் போய்விட்டது. 1995 பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த சாயங்காலம் நமக்கு மறந்திருக்காது. பஸ் ஸ்டாண்ட் கடையில் மாலைப் பத்திரிகைக்குத் தள்ளுமுள்ளு. பொடி எழுத்தில் தேர்ச்சி பெற்ற எண்கள் மட்டும் வரும். இல்லாத எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது, தாண்டி அடுத்த எண் நிற்கும், அவ்வளவுதான். கணக்கில் முப்பத்தைந்துக்கு எத்தனை குறைந்தது என்றுகூட அன்றைக்குத் தெரியாது. அவன் விரலை வைத்து மூன்று தடவை தேடினான். அன்று ராத்திரியே திருப்பூர் பஸ் ஏறினான். இருபத்தேழு வருஷம் கழித்து, நாம் அச்சடித்த பட்டியலிலும் அவன் பெயரைத் தாண்டி அடுத்த பெயர் நின்றது.

இரண்டாவது விஷயம், டீ.

பதினோரு மணிக்கு டீ என்று நிகழ்ச்சி நிரலில் போட்டிருந்தீர்கள். சத்துணவுக் கூடத்தைத் திறந்து, அங்கே வேலை பார்க்கும் சமையல் உதவியாளரிடம் சொல்லிப் போட வைத்திருந்தீர்கள். நாம் எல்லாரும் குரூப் போட்டோவுக்காகப் படிக்கட்டில் ஏறி நின்ற நேரம் பார்த்து, ஒரு கையில் எவர்சில்வர் வாளியும் மறு கையில் அடுக்கிய பேப்பர் கப்பும் இடுப்போடு அணைத்துக்கொண்டு அந்த அம்மா வந்தார்கள். "அக்கா, கொஞ்சம் தள்ளிக்கோங்க, ஃபிரேம்ல வர்றீங்க" என்றான் போட்டோக்காரப் பையன். அவன் பேரில் தப்பில்லை, அவனுக்கு என்ன தெரியும். அந்த அம்மா வேப்பமரத்தடிக்குத் தள்ளிப் போய், வாளியை இறக்கிவைத்து, முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, நாம் சிரிக்கிறதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் இரண்டாவது படியில் நின்று நன்றாகவே சிரித்துக்கொண்டிருந்தேன்.

டீ வாங்கப் போனேன். கப்பை நீட்டிய கையில், முழங்கைக்குக் கொஞ்சம் கீழே, பிறை மாதிரி ஒரு தழும்பு.

1990 ஜூன் மாதம், ஆறாம் வகுப்பில் சேர வந்த அன்று, ஆபீஸ் ரூம் வாசலில் என் அப்பாவுக்குப் பின்னால் அவள் அப்பா நின்றார். எழுத்தர் எங்கள் இரண்டு பேரையும் வெளிச்சத்தில் நிறுத்தி அங்க அடையாளம் தேடினார். எனக்கு மோவாயில் மச்சம். அவளுக்கு மச்சமே கிடைக்கவில்லை. சட்டைக் கையைச் சுருட்டி இந்தத் தழும்பைக் கண்டுபிடித்தவள் நான்தான். என் சேர்க்கை எண் 1842. அவளுடையது 1843.

"இப்பவாவது தெரியுதா?" என்றாள்.

எனக்கு வாயில் வார்த்தை வரவில்லை. வந்ததும் அசட்டுத்தனமான வார்த்தை. "ஏண்டி, நீ பேட்ஜ் வாங்கலையா?"

"கேட்டேன். ப்ளஸ் டூ எந்த வருஷம் முடிச்சீங்கன்னாங்க. நான் டீக்கு வந்தவன்னு சொல்லிட்டேன்."

பதிவு மேசையில் உட்கார்ந்திருந்தது யார் என்று நான் எழுதப்போவதில்லை. அந்த மேசையில் நான் உட்கார்ந்திருந்தாலும் அதே கேள்வியைத்தான் கேட்டிருப்பேன். அந்தத் தாளில் அந்த ஒரு கட்டம்தான் இருந்தது.

அவள் ஏன் ப்ளஸ் டூ முடிக்கவில்லை என்று வெளியூர்க்காரர்களுக்காக இரண்டு வரி. எங்கள் ஊர் சாத்தூர் பக்கம். கரிசல் காடு, மழை பெய்தால் பருத்தி, பெய்யாவிட்டால் தீப்பெட்டி ஆபீஸ். தொழிற்சாலையை இங்கே ஆபீஸ் என்றுதான் சொல்வோம். விடியற்காலை நான்கு மணிக்கெல்லாம் ஆபீஸ் பஸ் ஊருக்குள் வந்து ஹாரன் அடிக்கும். தூக்குச்சட்டியோடு பிள்ளைகள் தூக்கக் கலக்கத்தில் ஏறுவார்கள். 1993 பொங்கல் கழிந்து பள்ளிக்கூடம் திறந்த அன்று எங்கள் பெஞ்சில் ஜன்னலோர இடம் காலியாக இருந்தது. அவள் அப்பா ஆபீஸில் முன்பணம் வாங்கியிருந்தார் என்பது பெரியவர்கள் பேசிக் காதில் விழுந்தது. எட்டாம் வகுப்பு, பதிமூன்று வயது. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986லேயே வந்துவிட்டது, சிவகாசிப் பக்கத்துக்கென்றே தனித் திட்டமும் சிறப்புப் பள்ளிகளும் வந்துவிட்டன, ஆனாலும் அந்த பஸ் வந்துகொண்டுதான் இருந்தது. எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது 1996 டிசம்பர் 10. சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்ற அந்தத் தீர்ப்பு வந்தபோது நாம் ப்ளஸ் டூவில் இருந்தோம். அவளுக்குப் பதினேழு ஆகியிருந்தது. அந்தக் கணக்கில் குழந்தை என்றால் பதினாலுக்குக் கீழே. அதிலும் அவள் இல்லை.

இப்போது அவள் வேலை பார்ப்பது நாம் விழா நடத்திய அதே பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில். நம்மில் நூற்றுச் சொச்சம் பேரும் வருஷத்துக்கு ஒரு நாள் அந்த வளாகத்துக்கு வந்தால் பெரிய விஷயம். அவள் தினமும் காலையில் எட்டரைக்கு அங்கே இருக்கிறாள். இந்தப் பள்ளியோடு தொடர்பில் இருக்கும் பழைய மாணவர் யார் என்று ஒரு போட்டி வைத்தால் முதல் பரிசு யாருக்குப் போகும் என்று நீங்களே சொல்லுங்கள்.

சரி, விதி என்று ஒன்று இருந்தால் எல்லாருக்கும் அதே விதி என்றாவது இருந்ததா? அன்றைய சிறப்பு விருந்தினரை யோசித்துப் பாருங்கள். நமக்கு நாலு வருஷம் சீனியர். ஒன்பதாவதில் நின்றவர். இதை நான் கண்டுபிடித்துச் சொல்லவில்லை, மேடையில் அவரே சொன்னார், நாம் கைதட்டினோம். மேடைக்கும் பந்தலுக்கும் அவர்தான் கொடுத்தார், நல்ல மனுஷர், அவர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் ஒன்பதாவதோடு நின்ற ஒருவருக்குப் பொன்னாடையும், எட்டாவதோடு நின்ற ஒருத்திக்கு டீ வாளியும் கிடைத்ததற்கு நடுவில் இருந்தது ஒரு வகுப்பு வித்தியாசம் இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும்.

மேடைக்குப் பின்னால் கட்டிய பிளெக்ஸில் காமராசர் படம் போட்டிருந்தீர்கள். போட வேண்டியதுதான். நாம் வாங்கிய டி.சி.யில் மாவட்டம் என்ற இடத்தில் "காமராசர்" என்றுதான் இருக்கும். 1985இல் பிரித்து அவர் பெயர் வைத்த மாவட்டம், நாம் பள்ளியை விட்டு வெளியே வந்த 1997இல்தான் விருதுநகர் மாவட்டம் ஆனது. அந்த காமராசர், விருதுநகர் சத்திரிய வித்தியாசாலையில் ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு மாமாவின் ஜவுளிக் கடைக்குப் போனவர். வீட்டுக்கு வீடு பிடி அரிசி எடுத்து நடத்திய பள்ளி அது. இப்போது உங்கள் மூன்றாம் பக்க விதியை அந்தப் பள்ளியின் வாசலில் ஒட்டிவைத்துவிட்டு, அவர் நடந்து வருவதாக நினைத்துப் பாருங்கள். "எந்த வருஷம் முடிச்சீங்க ஐயா?" பேட்ஜ் கிடையாது. டீ வேண்டுமானால் குடித்துவிட்டுப் போகலாம்.

நான் கேட்பது ரொம்பப் பெரிதாக ஒன்றும் இல்லை. அந்த வரியை மாற்றுங்கள். "இப்பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டில் பெயர் உள்ள எவரும் உறுப்பினராகலாம்." ஒரு நாள் வந்திருந்தாலும் சரி, ஏழு வருஷம் படித்திருந்தாலும் சரி.

ஏன் இப்போதே மாற்றச் சொல்கிறேன் என்றால், 1975ஆம் வருஷத்துச் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் கையெழுத்துப் போட்டால் சங்கத்தைப் பதிந்துவிடலாம். ஆனால் பதிந்த பிறகு விதியில் ஒரு வரியைத் திருத்த வேண்டுமானால் சிறப்புத் தீர்மானம் போட்டு, மறுபடியும் பதிவாளர் அலுவலகப் படி ஏற வேண்டும். அந்தத் தீர்மானத்தில் ஓட்டுப் போடப் போவது யார்? உறுப்பினர்கள். உறுப்பினர் யார்? ப்ளஸ் டூ முடித்தவர்கள். வெளியே நிற்பவர்களுக்காக உள்ளே இருப்பவர்கள் கதவைத் திறந்துவிடுவார்கள் என்று நம்பி உட்கார்ந்திருக்க எனக்குப் பொறுமை இல்லை.

சேர்க்கை நீக்கப் பதிவேடு, அதாவது வாத்தியார்கள் சொல்லும் அட்மிஷன் ரிஜிஸ்டர், எந்தப் பள்ளியிலும் அழிக்காமல் வைத்திருக்க வேண்டிய நிரந்தரப் பதிவேடு. நம் பள்ளியில் அது தலைமையாசிரியர் அறை பீரோவில் இருக்கிறது. போன மாதம் என் டி.சி.யில் ஒரு எழுத்துப் பிழையைச் சரிபார்க்கப் போனபோது எடுத்து வைத்தார்கள். நீளமான புத்தகம், முதுகில் துணி ஒட்டியது, ஓரமெல்லாம் கரையான் தொட்டுப் பார்த்திருக்கிறது. எங்கள் வருஷத்து ஆறாம் வகுப்பில் மூன்று பிரிவு, நூற்று அறுபத்தொன்பது பெயர். கடைசிக் கட்டத்தில் நீங்கிய தேதி, காரணம். "படிப்பு முடிந்தது" என்று வருகிற இடங்கள் ஒரு பக்கத்தில் ஏழெட்டு. மீதி எல்லாம் "தொடர்ந்து வராமை", "தொடர்ந்து வராமை", "பெற்றோர் விருப்பம்", மறுபடியும் "தொடர்ந்து வராமை". ஒரே மை, ஒரே கையெழுத்து, எழுதி எழுதி அந்த எழுத்தருக்குக் கை வலித்திருக்கும். ஆறாம் வகுப்பில் என்னோடு சேர்ந்த பெண்களில் எத்தனை பேர் முடித்தோம் என்று விரல் விட்டு எண்ணினேன். இரண்டு கை விரலே அதிகம். நடுவில் வந்து சேர்ந்தவர்களைத் தள்ளிவிட்டால், நாம் "நம்ம பேட்ச்" என்று சொல்கிறோமே, அது அந்தப் புத்தகத்தில் பாதிகூட இல்லை.

ஒரு எச்சரிக்கை. ஆர்வக் கோளாறில் யாரும் அந்தப் பக்கங்களைப் போனில் படம் எடுத்துக் குழுவில் போட்டுவிடாதீர்கள். அதில் சாதிக் கட்டம் இருக்கிறது, அப்பாவின் தொழில் இருக்கிறது. முப்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு மனுஷனின் வீட்டு நிலவரம் நம் அரட்டைக்குத் தீனியாகக் கூடாது. தலைமையாசிரியரிடம் எழுத்தில் கேளுங்கள். பெயரும் ஊரும் மட்டும் அவர் முன்னிலையில் எழுதிக்கொண்டு வாருங்கள். ஊருக்கு ஒருத்தர் பொறுப்பு எடுத்துக்கொண்டால் ஒரு மாதத்தில் தேடிவிடலாம். திருப்பூருக்குப் போனவனின் அண்ணன் இப்போதும் தெற்குத் தெருவில்தான் இருக்கிறார்.

நீங்கள் சொன்ன ஒரு பதில் என்னை யோசிக்க வைத்தது, அதை மறைக்க மாட்டேன். "அவங்களைக் கூப்பிட்டா அவங்களுக்குத்தான் சங்கடம். எல்லாரும் கார்ல வந்து இறங்குற இடத்துல அவங்க மனசு கஷ்டப்படக் கூடாதுன்னுதான்" என்றீர்கள். இதைச் சொன்னவர் நல்ல மனசோடுதான் சொன்னார். அதனால் நேராகப் போய் அவளிடமே கேட்டேன். ஏனங்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"வந்து என்னத்தப் பேச? பையன் எந்த காலேஜு, பொண்ணுக்கு எத்தனை பவுன்னு கேப்பீங்க" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "வர்றேனோ இல்லையோ, பேரு எழுதிக்க" என்றாள். அப்புறம், "இனிஷியல் அப்பா பேருல போடு, அப்பத்தான் அய்யாவுக்குத் தெரியும்" என்றாள்.

சங்கடப்படுவதா வேண்டாமா என்று அவரவர் முடிவு செய்துகொள்ளட்டும். அழைப்பு கொடுக்காமல் இருப்பதற்கு அதை நாம் காரணமாக வைத்துக்கொள்ள வேண்டாம்.

அவர்கள் வருவதாக இருந்தால் மற்ற சில ஏற்பாடுகளையும் மாற்ற வேண்டியிருக்கும். அடுத்த சந்திப்புக்குத் தலைக்கு 2,000 ரூபாய் என்று வைத்திருக்கிறீர்கள். ஆபீஸில் வாரக்கூலி வாங்கும் ஒரு வீட்டில் சனிக்கிழமைச் சம்பளத்தை அப்படியே எடுத்து வைத்தால்தான் அது முடியும். முடிந்தவர் போடட்டும், முடியாதவரிடம் கேட்கவே வேண்டாம், யார் எவ்வளவு என்று மைக்கில் வாசிக்கவும் வேண்டாம். சனிக்கிழமை வைக்காதீர்கள், அன்று கூலி நாள். சாயங்காலமும் வேண்டாம். எட்டரைக்கு மேல் டவுன் பஸ் இல்லை, பெண்களுக்கு டிக்கெட் இல்லாத பஸ்ஸும் அதுதான். ஞாயிறு காலை பத்து மணிக்கு ஆரம்பித்து மத்தியானச் சாப்பாட்டோடு முடியுங்கள். கத்திரி வெயிலில் ஏன் வைக்கிறோம் என்று எனக்கு இன்னும் புரியவில்லை. சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருகிறவர்களுக்குப் பிள்ளைகள் லீவு, சரி, ஒத்துக்கொள்கிறேன்.

சிங்கப்பூரிலிருந்து பணம் அனுப்புவதாகச் சொன்ன நண்பருக்கு ஒரு வார்த்தை. நீங்கள் அந்த ஊர்க் குடியுரிமை வாங்கிவிட்டீர்கள் என்றால் உங்கள் பணம் சட்டப்படி வெளிநாட்டுப் பங்களிப்பு. நம் சங்கம் அதற்கென்று தனிப் பதிவு வாங்காமல் அதைத் தொடக் கூடாது. அவசரப்பட்டு யார் கணக்குக்கும் அனுப்பிவிடாதீர்கள்.

அடுத்தது, நன்கொடை. 2022இல் பள்ளிக்கு நாம் கொடுத்த குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரத்தைப் பற்றி யாராவது விசாரித்தீர்களா? முப்பத்திரண்டு பேர் பெயரோடு கிரானைட் பலகை வைத்தோமே, அது பளபளவென்று இருக்கிறது. இயந்திரம் அடுத்த கோடைக்குள் நின்றுவிட்டது. நம் ஊர் போர் தண்ணீர் எப்பேர்ப்பட்ட உப்பு என்று தெரிந்தும், உள்ளே இருக்கும் சவ்வை அவ்வப்போது மாற்ற வேண்டும் என்பதை நாம் யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. மாற்றப் பள்ளியிடம் பணம் இல்லை. இப்போது அதன் தலையில் டம்ளர்களைக் கவிழ்த்துக் காயவைக்கிறார்கள். "நல்ல உசரம்" என்கிறாள் 1843.

வாங்குவதற்கு முன்னால் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். இந்தத் தடவை பள்ளிக்கு உண்மையில் என்ன வேண்டும் என்றும் அவள்தான் எனக்குச் சொன்னாள். பெண்கள் கழிப்பறையில் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. நான்கு கதவு, நான்கு தாழ்ப்பாள். சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் மழைத் தண்ணீர் தேங்குகிறது. எட்டாம் வகுப்பில் ஒரு பெண் ஒரு மாதமாக வரவில்லை. இந்த மூன்றாவது தகவல் எந்த நன்கொடைப் பட்டியலிலும் வராது.

இதையெல்லாம் கொண்டுபோய்ச் சேர்க்க வழி இல்லாமலும் இல்லை. 2024இல் பள்ளி மேலாண்மைக் குழுக்களைத் திரும்ப அமைத்தபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் வைத்தார்கள். பெரிய வேலை என்றால் 2022 டிசம்பரில் அரசு தொடங்கிய "நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி" திட்டத்தில் பள்ளியின் பெயரைத் தேடிப் பணம் கட்டலாம். அதற்கும் முன்னால், 1958இல், கடம்பத்தூரில் தொடங்கிப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் என்று ஊர் ஊராக நடத்தினார்கள். காமராசர் முதலமைச்சர், நெ.து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநர். பெஞ்சு, கடிகாரம், நிலம் என்று ஊர் மக்கள் அள்ளிக் கொடுத்த காலம் அது. கொடுத்தவர்களில் பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவர்கள் உண்டு. எந்த வருஷம் முடித்தீர்கள் என்று அவர்களிடம் கேட்டிருந்தால் ஒரு பெஞ்சுகூட வந்திருக்காது.

மேலாண்மைக் குழுவில் நம் பேட்ச் சார்பாக யார் பெயரைக் கொடுப்பது என்று குழுவில் ஒரு வாரமாகப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். மதுரையில் இருக்கும் ஒருவர் பெயரும், திருநெல்வேலியில் இருக்கும் ஒருவர் பெயரும் அடிபடுகின்றன. கூட்டம் மாதா மாதம் நடக்கும், அவர்கள் எத்தனைக்கு வருவார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். நான் யாரைச் சொல்வேன் என்று உங்களுக்கே தெரியும். சத்துணவில் வேலை பார்ப்பவர் உறுப்பினராக இருக்கலாமா என்று தலைமையாசிரியரிடம் கேட்டிருக்கிறேன், விசாரித்துச் சொல்கிறேன் என்றார். கூடாது என்றால் வேறு ஆளைப் பார்ப்போம். 1990 ஜூன் பக்கத்தில் இன்னும் நூற்று அறுபத்தெட்டுப் பெயர் இருக்கிறது.

விதி நகலில் மூன்றாம் பக்கத்தை மட்டும் திருத்தி இதோடு அனுப்பியிருக்கிறேன். பதிவு மேசைத் தாளில் "முடித்த ஆண்டு" என்ற கட்டத்தை எடுத்துவிட்டு "சேர்ந்த ஆண்டு" என்று போட்டால் போதும். தமிழய்யாவுக்குக் கொடுக்கும் பட்டியலை நான் எழுதித் தருகிறேன், எட்டாம் வகுப்பு வரிசைப்படியே.

டீக்கு இந்தத் தடவை பஸ் ஸ்டாண்ட் கடைக்காரரிடம் சொல்லிவிட்டேன். இருநூறு டீ, கூடவே சாத்தூர் சேவு, ஊற்றிக் கொடுக்க ரெண்டு பையன்கள். அட்வான்ஸ் ஐந்நூறு ரூபாய் கொடுத்தாயிற்று. மீதியைக் குழுக் கணக்கிலிருந்து கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
சேர்க்கை எண் 1842